சொறி பட்ட முதுகு

கல்ஃபுக்குப் போனவனெல்லாம் வெயிலில் வெந்தான் என்றுதான் எங்கள் ஊரில் பேச்சு. நான் தண்ணீருக்குள் வேலை பார்த்தேன். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு முங்கி, கப்பலின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்ட வேண்டும். கேரள எல்லையோரப் பாறசாலைப் பக்கத்துக் குளத்தில் நீச்சல் படித்தவனுக்குக் கடல் புதிது. கூட முங்குகிறவன் பூவாறு கடற்புறத்துக்காரன், என் வயதுதான். தனக்குத் தெரியாத கடல் கிடையாது என்று அவனே சொல்லிக்கொள்வான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

"எலே, சொறி உண்டு. சூச்சிச்சு எறங்கு" என்று எச்சரித்தான் ஒருநாள் காலையில்.

எங்கள் பக்கம் சொறி என்றால் நாய்க்கு வருவது. கடற்புறத்தில் ஜெல்லி மீனுக்கு அதுதான் பெயர். நான் ரப்பர் சட்டையின் புழுக்கத்துக்குப் பயந்து வெறும் பனியனோடு இறங்கியிருந்தேன். தோளில் ஏதோ உரசியது. அடுத்த நொடி முதுகெல்லாம் தீ. கத்தினால் வாயிலிருக்கும் காற்றுக்குழாய் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டேன். அவன் என் கையைப் பிடித்து, அவசரப்படாமல் மேலே கொண்டுவந்தான்.

படகில் ஏறியதும் குடிதண்ணீர்ப் பானைக்குப் பாய்ந்தேன். கையைத் தட்டிவிட்டான்.

"நல்ல தண்ணி விடாதே மக்கா, நீற்றல் கூடும், இன்னும் எரியும். தேய்க்கவும் செய்யாதே."

கடல்தண்ணீரையே கோரிக் கோரி ஊற்றினான். உறை போட்ட விரலால், தோலில் ஒட்டியிருந்த நூல்களை ஒவ்வொன்றாக எடுத்தான். முகாமுக்கு வந்தபின் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் விட்டான். இரவுக்குள் முதுகு வரி வரியாகத் தடித்துவிட்டது.

மறுநாள் முகாம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டருக்கு நம் பாஷை எதுவும் தெரியாது. இடையில் நின்றவர் பாலக்காட்டு மலையோரத்துக் கம்பவுண்டர். என்னவென்று கேட்டார். புதிதாகப் படித்த சொல் நாக்கு நுனியில் இருந்தது.

"சொறியாக்கும் சாறே" என்றேன்.

அவர் அதை டாக்டரிடம் சொன்னதும் டாக்டர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் என் பாய் சாமான் கொட்டகைக்குப் போயிற்று. தனித் தட்டு, தனித் தம்ளர். ஒட்டுகிற வியாதிக்காரனை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார் மேஸ்திரி. நேற்றுவரை என் தட்டில் கைவிட்டு மீன் எடுத்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு போனான். எனக்கு அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது.

பிறகு பயம் வந்தது. நிலமெல்லாம் கையில் வைத்திருந்த ஜன்மியின் பறம்பில் குடிசை போட்டுக் கிடந்த எங்களுக்கு, குடியிருப்பவனுக்கே நிலம் என்ற சட்டம் வந்துதான் பத்து சென்ட் சொந்தமாகியிருந்தது. அதில் சுவர் எழும்பி, கூரைக்கு என் சம்பளத்தை நம்பி நின்றது. நான் இப்படித் திரும்பிப் போனால் அந்தச் சுவர் மழையில் கரையும்.

விஷயம் தெரிந்ததும் பூவாறுக்காரன் ஒரு வாளியோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தான். என்னையும் இழுத்துக்கொண்டு போனான். வாளியைக் கம்பவுண்டரின் மேசைமேல் வைத்தான்.

"சாறே, இதாக்கும் சொறி. நம்பிக்கை இல்லேன்னா கை விட்டுப் பாரும்."

கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். "கடல்ச்சொறியோ? அது முன்பே பறஞ்ஞூடே?" என்று, சொல்லாமல் விட்டது என் குற்றம்போல முறைத்தார்.

அவர் எடுத்துச் சொன்னதும் டாக்டர் சிரித்தார், எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பாய் அறைக்குத் திரும்பியது, வேலை தப்பியது.

முதல் விடுப்பில் ஊருக்கு வந்தபோது வீட்டுக்குக் கூரை ஏறியிருந்தது. கிணற்றடியில் சட்டையைக் கழற்றினேன். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றுவிட்டது. கறுத்துப்போன வரிகளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எவன் அடிச்சான்?"

"அடி இல்லப்பா. கடல்ல ஒரு செந்து பட்டது."

"அடிச்ச பாடும் தழும்பும் எனக்குத் தெரியாதா? அங்கயும் ஜன்மி உண்டோ?"

இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பூவாறுக்காரனைச் சொன்னேன், வாளியைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கிட்ட சொல்லு மக்கா. நானும் அடி கொண்டதெ வீட்டுல ஆருகிட்டயும் சொன்னதில்ல."