வசந்தாமணி ஒட்டிய சிரித்த முகம்

திருச்செங்கோட்டில் எங்கள் பக்கத்து வீட்டு வசந்தாமணிக்குக் கல்யாணமான நாளிலிருந்து வருஷத்தில் ஒரே பண்டிகைதான். அது மழை. மழை வந்தால்தான் வீட்டுக்காரர் வருவார். சின்னுசாமி அண்ணன் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு, போர் போடுகிறவர். ஆந்திரா, சத்தீஸ்கர் என்று போனால் மாதக்கணக்கில் திரும்ப முடியாது. வண்டி நிற்கிற இடம்தான் கேம்ப். அங்கேயே பொங்கித் தின்று, அங்கேயே படுக்க வேண்டும். மழை பிடித்து மண் இளகினால் வேலை நிற்கும், வண்டியெல்லாம் ஊர் திரும்பும்.

மற்ற நாளெல்லாம் அவள் தனிதான். மாமியாருக்குக் கடைசிவரை கஞ்சி ஊற்றியதும், மகன் கதிர்வேலைப் படிக்க வைத்ததும், சமையலறைக்குள் புகுந்த பாம்பை அடித்ததும் அவளேதான். கேட்டால், "அவரு மட்டும் அங்க கூட்டமாவா இருக்காரு, போங்கக்கா" என்பாள்.

அண்ணன் வேலையை விட்டு வீட்டோடு வந்தபோது, இனிமேலாவது ரெண்டு பேரும் சேர்ந்து மலைக்கோயிலுக்குப் போவார்கள் என்று நான் அர்த்தநாரீஸ்வரருக்கு நெய் விளக்குப் போட்டேன். கொஞ்ச காலம் போனார்கள். பிறகு மறதி நோய் வந்துவிட்டது.

அவருக்கு இந்த வீடு கேம்ப் ஆகிவிட்டது. வசந்தாமணி, கேம்ப்பில் சோறாக்குகிற யாரோ ஓர் அம்மா. சாயங்காலம் ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகிறேன் என்று சங்ககிரி ரோட்டுக்குப் போய் லாரிக்குக் கை காட்டுவார். ஒருதரம் பவானி வரைக்கும் போய்விட்டார். கோயமுத்தூரில் வேலையாக இருக்கிற கதிர்வேல் போனில் சொல்லிவிட்டான்: "அம்மா, நீ போற பயிற்சி வகுப்பு முடியட்டும். அப்பவும் அப்பா ரோட்டுக்குப் போனாருன்னா ஹோம்ல சேத்தறலாம். அடிபட்டுட்டா யாரு பதில் சொல்றது?"

அவன் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அவளுக்கு அந்த வகுப்பு சாமி வாக்கு மாதிரி ஆகிவிட்டது.

அந்த வகுப்பை ஒரு டிரஸ்ட்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபத்தில் நடத்தினார்கள். மறதி நோய்க்காரர்களை வீட்டில் எப்படிப் பார்ப்பது என்று குடும்பத்தாருக்குப் பாடம். அவள் போய்வரும் வரை நான் அண்ணனோடு இருப்பேன். குளிக்க வைப்பது, சோறு ஊட்டுவது எல்லாம் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நினைவூட்டுகிற பாடம் என்று ஒன்று. பழைய படத்தை மாட்டுங்கள், இது உங்கள் வீடு, நான் இன்னார் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருங்கள் என்பது அது.

அவளிடம் இருந்தது கல்யாணப் படம் ஒன்றுதான். அதை நடுச்சுவரில் மாட்டினாள். அண்ணன் அதன் முன்னால் நின்று பார்ப்பார். "பாவம், ஊட்டுல தனியாக் கெடப்பா" என்பார். உடனே பையைத் தேடுவார். "ஏனுங்க, நான்தானுங்க அது! இதுதானுங்க நம்ம ஊடு!" என்று அவள் சொன்னால் கோபம் வந்துவிடும். "அடுத்தவன் பொண்டாட்டி பேச்சு உனக்கெதுக்கு?" என்று கையை உதறிவிட்டு, முன்னைவிட வேகமாக நடப்பார்.

கடைசி ஞாயிறு, எந்தப் பாடம் உதவியது, எது உதவவில்லை என்று கேட்டார்களாம். எழுதத் தெரியாதவர்களும் சொல்லட்டும் என்று, சுவரில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு படம். கையில் சிரித்த முகமும் அழுத முகமும் போட்ட ஒட்டுத்தாள்கள். ஒட்டினால் போதும்.

பொண்டாட்டியைப் பார்த்துக்கொள்கிற சுப்பையன் என்ற பெரியவர்தான் முதலில் எழுந்தாராம். "எம்பொண்டாட்டி என்னைய மறந்துட்டா, திட்டறத மட்டும் மறக்கலீங்க. அதுக்கு எந்த மூஞ்சிங்க?" மண்டபமே சிரித்திருக்கிறது. பின்னால் இருந்த அம்மா மெதுவாக, "கேசரியோட சோறு போட்டிருக்காங்க. அழுவாச்சி மூஞ்சிய ஒட்டுனா நல்லாவா இருக்கும்?" என்றாளாம். எல்லோரும் எல்லாப் பாடத்துக்கும் சிரித்த முகத்தையே ஒட்டிவிட்டார்கள். வசந்தாமணியும்தான்.

"ஏன் மணி, அந்தப் படத்த மாட்டுனதுக்கப்புறந்தான அதிகமாப் போறாரு?" என்று கேட்டேன்.

"பாடத்து மேல என்னக்கா தப்பு? எனக்குத்தான் செரியாச் சொல்லத் தெரியல" என்றாள். அழுத முகங்கள் முந்தானையில் முடிந்தபடியே இருந்தன.

ஆனால் பாடம் எழுதிய அறிவுச்செல்வி, சேலம் அம்மாபேட்டைப் பெண், அந்தச் சுவரை நம்பவில்லை. அந்தப் பெண் வீடு வீடாக வந்தது. ஒரு சாயங்காலம் நான் வசந்தாமணி வீட்டில் இருந்தபோது அங்கேயும் வந்து உட்கார்ந்தது. "அம்மா, எல்லாப் பாடமும் எல்லாருக்கும் புடிச்சிருந்தா எனக்குப் பயமா இருக்கு. நெசத்தச் சொல்லுங்க."

வசந்தாமணி வாய் திறக்குமுன் அண்ணன் பையோடு அறையிலிருந்து வந்துவிட்டார். சுவர்ப் படத்தைப் பார்த்தார். பிறகு வசந்தாமணியைப் பார்த்து, "ஏனுங்கம்மா, நீங்க எந்த ஊருங்க?" என்றார்.

தினமும் கேட்கிற கேள்வி. தினமும் அவள் மறுத்துப் பேசுவாள். அன்று வந்தவர்கள் எதிரில் வீட்டுக்காரரை எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "திருச்செங்கோடுங்க" என்றாள்.

"அட, நம்மூரா!" பை கையிலிருந்து இறங்கியது. "எப்ப ஊருக்குப் போறீங்க?"

"நாளைக்குப் போவேனுங்க."

"எங்கூட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. மழை புடிச்சதும் வந்தர்றேன். ராத்திரிக்குக் கதவச் சாத்திக்கிட்டு, பயப்படாமத் தூங்கச் சொல்லுங்க."

"சொல்றேனுங்க."

அவர் உட்கார்ந்து சோறு கேட்டார். அன்று ரோட்டுக்குப் போகவில்லை.

வசந்தாமணி அவருக்குச் சோறு போட்டுவிட்டு வந்தாள். "பாடம் தப்புன்னு சொல்லல அம்மிணி. சேந்து பொழச்சவங்களுக்கு அது செரி. இந்தப் பக்கம் பாதி ஊடு ரிக்கு, லாரின்னு போன ஊடு. எம்பொழப்பு அவருக்குத் தெரியாது, அவரு பொழப்பு எனக்குத் தெரியாது. நான் என்னத்த ஞாபகப்படுத்தறது?" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஓர் அழுத முகத்தை எடுத்து அறிவுச்செல்வி கையில் வைத்தாள். "கோவிச்சுக்காதீங்க."

அந்தப் பெண் அதை வாங்கித் தன் நோட்டில் ஒட்டியது. "ஒவ்வொருத்தரும் எங்க இருந்து பொழச்சாங்கன்னு முதல்ல கேட்டிருக்கணும்மா. அதக் கேக்காம எழுதிட்டேன். திரும்ப எழுதறேன்" என்றது.

அதன் பிறகு தினமும் சேதி போனது. அண்ணன் சொல்லி அனுப்புவார், அவள் வாங்கிக்கொள்வாள். மழை வந்தால் என்ன செய்வது என்றுதான் எங்களுக்குப் பயம்.

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் மழை பிடித்தது. "வேலை நின்னுபோச்சு, நான் போயிட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டார். "விடுங்கக்கா, கூடப் போங்க. தெருவச் சுத்திக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள். நான் குடையோடு அவரை எங்கள் தெருவைச் சுற்றி அழைத்து வந்தேன். வாசலில் அவள் தலை வாரி, நல்ல சேலை கட்டி நின்றிருந்தாள். "வாங்க. இப்பத்தான் வண்டி வந்துச்சுங்களா?"

அண்ணன் கதவைத் தடவிப் பார்த்தார். நிலையில் கை வைத்தார். "எங்கூடுதான்" என்றார். உள்ளே போய் அறை அறையாகப் பார்த்துவிட்டு வந்தார். "ஊட்டுல இருந்தவ எங்கீங்க?"

ஈசுவரா என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கோயிலுக்குப் போயிருக்குதுங்க. வந்துரும்" என்றாள் வசந்தாமணி.

"செரி, வரட்டும். நானெங்க போகப் போறேன்" என்று பையை ஆணியில் மாட்டிவிட்டு, வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் அவர் ரோட்டுக்குப் போனதில்லை. கதிர்வேலும் ஹோம் பேச்சை விட்டுவிட்டான். சாயங்காலமானால் அவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு, அவளும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.