வெள்ளிக்கிழமைக் கதவு

ஆரணியில் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் தெருவுக்கே ஒரு களை வந்துவிடும். வாசல் தெளித்து, கோலம் போட்டு, விளக்கேற்றி, தெருக்கதவை அகலத் திறந்து வைப்பார்கள். மகாலட்சுமி வரும் நேரமாம். கொசுவும் அதே நேரத்துக்குத்தான் வரும், ஆனாலும் யாரும் சாத்த மாட்டார்கள். கலையரசி வீட்டுக் கதவு மட்டும் சாத்தியே கிடக்கும். உள்ளே டியூப்லைட் எரியும், சாமி மாடத்தில் எதுவும் எரியாது.

தெரு சும்மா இருக்குமா? இஸ்ரேலில் அத்தனை வருஷம் இருந்துவிட்டு வந்தவள் அங்கேயே மதம் மாறிவிட்டாள் என்றது. எந்த மதத்துக்கு என்பதில் மட்டும் கொஞ்சம் கருத்து வேறுபாடு. பட்டுச் சேலையை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தே அசலா கலப்பா என்று சொல்லிவிடுகிற ஊர் இது. ஒரு மனுஷியின் துக்கத்தைத் தொட்டுப் பார்க்க மட்டும் அதற்கு விரல் கிடையாது.

போன ஆனி மாதம் தங்கை அன்புச்செல்வி வந்து நின்றாள். அவள் மகன் அருள்ராஜுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்கு முன்னால் பூவாடைக்காரியை அழைக்க வேண்டும். கல்யாணமாகாமல் செத்துப்போன பெண் அந்தக் குடும்பத்துக்குப் பூவாடைக்காரி. வீட்டில் நல்ல காரியம் வந்தால் அவளை ஆற்றிலிருந்து பம்பை அடித்து அழைத்து வந்து, புதுத்துணி வைத்துப் படைத்து, கூட இருந்து நடத்திக் கொடு தாயே என்று கேட்டுக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். பெற்றவள் உயிரோடு இருந்தால் விளக்கை அவள்தான் ஏற்ற வேண்டும். இந்தக் குடும்பத்தின் பூவாடைக்காரி கலையரசியின் ஒரே மகள் ஜெயப்ரியா.

"எனக்கு வெளக்கேத்தற கை போயிடுச்சி அன்பு. நீயே ஏத்திக்கோ."

"நான் வளத்தவ. பெத்தவ நீ குத்துக்கல்லாட்டம் ஒக்காந்துகினு இருக்க, நான் ஏத்தினா அவ வருவாளாக்கா?" என்றாள் அன்புச்செல்வி. "கூப்டாம உட்டா தெருவுலயே இருட்டுல நிப்பா."

இருட்டில் நிற்பாள் என்ற சொல்லைக் கேட்டதும் கலையரசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தச் சொல்லை அவள் இன்னொரு வாயிலிருந்து, இன்னொரு பாஷையில் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். தங்கை அழுதுகொண்டே போனாள்.

கலையரசி பிறந்தது தெள்ளாருக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியில். ஆரணியில் கூலித்தறி நெய்தவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஜெயப்ரியா தத்தித் தத்தி நடக்கும்போதே அவன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். ஒரு நர்சிங் ஹோமில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் குளிப்பாட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அருவருப்பில்லாத கை என்று பெயரெடுத்தாள். அந்தக் கைதான் அவளை விமானம் ஏற்றியது. இஸ்ரேலில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுத்தார்கள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு, பெட்டியில் ஒரு அகல் விளக்கையும் படவேட்டம்மன் படத்தையும் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஹைஃபா என்ற மலைச்சரிவு ஊரில் ரிவ்கா என்ற கிழவி அவளுக்கு வாய்த்தாள். புருஷன் போய்விட்டான், பிள்ளை குட்டி இல்லை. முட்டி இரண்டும் தேய்ந்து, கட்டிலிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் டிவியில் ஒரு சீரியல் முடிந்துவிடும். பெயரோடு அம்மாவைச் சேர்த்து ரிவ்காம்மா என்றாள் கலையரசி. கிழவி அதற்கு ஆட்சேபிக்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் ஆட்சேபித்தாள்.

முதல் வெள்ளிக்கிழமையே விபரீதம் நடந்தது. பொழுது சாயும் நேரம், கிழவி உள்ளே படுத்திருந்தாள். கலையரசி குளித்துவிட்டு அகலில் எண்ணெய் ஊற்றி வாசலுக்கு எதிரே ஏற்றி வைத்தாள். எப்போதும் மூடியே கிடக்கும் ஜன்னல்களைத் திறந்தாள். தெருக்கதவையும் அகலத் திறந்தாள். வந்த இடத்தில் முதல் வெள்ளி, நல்லபடியாக ஆரம்பிக்கட்டும் என்று கைகூப்பி நின்றாள்.

உள்ளேயிருந்து ரிவ்காம்மா ஓடி வந்தாள். முட்டி தேய்ந்தவள் எப்படி ஓடினாள் என்று கலையரசிக்கு இன்றுவரை விளங்கவில்லை. குனிந்து விளக்கை வாயால் ஊதினாள். கதவை அறைந்து சாத்தித் தாழ் போட்டு, அதன்மேல் சாய்ந்தபடியே தரையில் சரிந்தாள். உடுப்பு நனைந்திருந்தது.

கலையரசிக்கு முதலில் வந்தது கோபம். விளக்கை அணைத்தேன் என்று சொல்லக்கூட நம் வீடுகளில் வாய் கூசும், குளிர வைத்தேன் என்பார்கள். வாயால் ஊதுவதாவது! ஆனால் கிழவியின் பல் கிட்டிப் போயிருந்ததைப் பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. தூக்கி உட்கார வைத்து, வெந்நீரில் துடைத்து, உடுப்பு மாற்றிவிட்டாள். யார் வந்தார்கள், யார் வந்தார்கள் என்று ரிவ்காம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கதை வெளியே வர மாசங்கள் ஆயின. கலையரசி அரைகுறை ஹீப்ரூ கற்றுக்கொண்ட பிறகுதான் வந்தது. அவள் திருப்பிச் சொல்லும்போது ரிவ்காம்மாவும் ஆரணிப் பேச்சுதான் பேசுவாள்.

ரிவ்காம்மாவின் பரம்பரை ஓரிடத்தில் வேர் பிடித்ததே இல்லை. ஸ்பெயினிலிருந்து ராஜா துரத்தினான். ஒரு ஊரில் கொள்ளைநோய் வந்தது, கிணற்றில் இவர்கள்தான் விஷம் வைத்தார்கள் என்று சொல்லிக் கொளுத்தினார்கள். இன்னொரு ஊரில் ஒரு குழந்தை காணாமல் போனது, அதற்கும் இவர்களையே வெட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் தட்டுமுட்டுச் சாமான்களை விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை ஏற்றும் இரண்டு மெழுகுவத்தித் தண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். "அவன் காப்பாத்தலன்னு தெரிஞ்சும் அவனையும் தூக்கிகினு ஓடனாங்க" என்பாள் ரிவ்காம்மா. அவன் என்றால் கடவுள். பெயர் சொல்ல மாட்டாள்.

கலையரசிக்கு இதைப் புரியவைக்க யாரும் படம் வரைந்து காட்ட வேண்டியிருக்கவில்லை. அவள் அப்பா பச்சையப்பன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, சாமி ஊர்வலத்தைத் தொட்டுவிட்டான் ஒருவன் என்று காலனியில் ஒரு வரிசைக் குடிசையை எரித்தார்கள். அந்தச் சாமிக்குத்தான் அப்பா கடைசிவரைக்கும் ஆடி மாதம் கூழ் ஊற்றினார்.

ஜெர்மன்காரன் காலத்தில் ரிவ்காம்மாவுக்கு ஒன்பது வயது. ஹங்கேரியில் ஒரு மாவு மில்லுக்குப் பின்னால் இருந்த அறையில், அம்மாவும் தம்பியும் அவளும் ஒளிந்திருந்தார்கள். ஒளிந்திருந்த இடத்திலும் வெள்ளிக்கிழமை ஆனால் அம்மா மெழுகுவத்தித் துண்டுகளை ஏற்றுவாள், ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு. ஒரு வெள்ளிக்கிழமை தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. ரிவ்கா கம்பளியின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். அவ்வளவுதான். வெளிச்சத்தை யாரோ பார்த்துவிட்டார்கள். மறுநாள் அவள் மில்லுக்குள் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில் வந்தார்கள். அம்மாவும் தம்பியும் ரயிலில் போனவர்கள் போனவர்கள்தான்.

"எங்கம்மா யாருக்காக ஏத்தினா? அவனுக்காகத்தான. ஒரு ஊது ஊத அவனுக்கு மூச்சு இல்லியா?"

அதற்குப் பிறகு ரிவ்காம்மா விளக்கேற்றவில்லை. ஆனால் விரத நாளில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது, பன்றிக்கறி வீட்டுக்குள் வராது. கடவுளோடுதான் சண்டை, அதில் சமையலறையை இழுக்காதே என்கிற கணக்கு. மேல் மாடிக் கிழவர் ஒருவர் அதே மாதிரி ரயிலில் போய்த் திரும்பியவர், மூன்று வேளையும் விடாமல் ஜெபம் பண்ணுவார். உயிரோடு இருக்கிறேனே, அவனைத் தவிர வேறு யாரால் என்பார் அவர். உன்னைக் காப்பாற்றத் தெரிந்தவனுக்கு என் தம்பியைத் தெரியவில்லையா என்பாள் இவள். படிக்கட்டில் இந்தச் சண்டை தினமும் நடக்கும். இருவரில் யார் சரி என்று சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது?

கலையரசி அதற்கப்புறம் தன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அம்மனுக்கு ஏற்றினாள். மகளுக்காக வேண்டிக்கொள்வாள். வேறு வேண்டுதலே அவளுக்குக் கிடையாது. ஜெயப்ரியா படித்து முடித்து, செய்யாறு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, நீலச் சட்டை போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் இருந்தே வீடியோவில் பேசுவாள். அம்மா நீ வந்துடு, நான்தான் சம்பாதிக்கிறேனே என்பாள். அடுத்த வருஷம் வருகிறேன் என்று கலையரசி ஒவ்வொரு வருஷமும் சொன்னாள்.

கொரோனா இரண்டாம் அலையில் ஜெயப்ரியா போய்விட்டாள். காய்ச்சல் என்றார்கள், மூச்சுத் திணறல் என்றார்கள், முடிந்துவிட்டது என்றார்கள். விமானம் இல்லை. அருள்ராஜ் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிளாஸ்டிக்கில் சுற்றிய ஒரு நீளமான பொட்டலத்தைக் கலையரசி பார்த்தாள். முகத்தைக் காட்டச் சொன்னாள். காட்டக் கூடாதாம்.

அன்றோடு அகல் காய்ந்தது. அம்மன் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பார்த்துக்கொள்ள வந்தவளுக்கு ரிவ்காம்மா சூப் காய்ச்சிக் கொடுத்தாள்.

அந்த வார வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் நேரம், கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டுக் கலையரசி எழுந்து வந்தாள். மேஜைமேல் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன. ரிவ்காம்மா தாழ்ப்பாளோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். கடைசியில் தெருக்கதவை அகலத் திறந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு நம்பிக்கை வந்துடல. ஆனா உன் பொண்ணு இருட்டுல நிக்கக் கூடாது."

எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் சாத்தியிருந்த கதவு அது. கலையரசிக்கு அதெல்லாம் அப்போது தோன்றவில்லை. தன் அம்மன் மகளுக்கு ஊதாத மூச்சை, அந்த அம்மாவின் கடவுள் ஊதாததை எல்லாம் சேர்த்து, குனிந்து மெழுகுவத்தியை வாயால் ஊதினாள். கதவை அறைந்து சாத்தினாள். ரிவ்காம்மா இருட்டில் தடவித் தடவித் தன் கட்டிலுக்குப் போனாள். அவள் போய்ச் சேர ரொம்ப நேரம் ஆயிற்று.

அதைப் பற்றி இரண்டு பேரும் அப்புறம் பேசவே இல்லை. மன்னிப்புக் கேட்க நல்ல நேரம் வரும் என்று கலையரசி காத்திருந்தாள். அடுத்த குளிர்காலத்தில் ரிவ்காம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். அடக்கம் செய்யச் சொந்தம் என்று யாரும் இல்லை, மேல் மாடிக் கிழவர்தான் ஜெபம் சொன்னார். வீட்டை ஒழித்தபோது சமையலறை இழுப்பறையில் அந்த மெழுகுவத்தி கிடைத்தது. கால்வாசிகூட எரியவில்லை. பழைய துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள் கிழவி. அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கலையரசி ஆரணிக்குத் திரும்பினாள்.

தங்கை அழுதுகொண்டு போன மறுநாள், கலையரசி தானாகவே அவள் வீட்டுக்குப் போய், வரேன் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வந்தாள். அன்புச்செல்வி காரணம் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடும் என்று பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை கமண்டல நாகநதிக்குப் போனார்கள். ஆற்றில் ஏது தண்ணீர், மணலில் ஊற்றுத் தோண்டிக் கலசத்தை நிரப்பினார்கள். அன்புச்செல்வி புதுத்துணியாக ஒரு சுடிதாரை எடுத்து வைத்தாள். பூவாடைக்காரிக்குச் சேலைதானே வைக்கணும் என்றார் பம்பைக்காரர் சம்பந்தம். அவ சேலை கட்டினதே இல்லைங்க என்றாள் அன்புச்செல்வி. அவர் சுடிதாரின்மேலேயே பூவை வைத்தார்.

பம்பை அடித்தார்கள். அழைத்தால் வீட்டுப் பெண்களில் ஒருத்திமேல் வந்து இறங்க வேண்டும். யார்மேலும் இறங்கவில்லை. சம்பந்தம் வியர்க்க வியர்க்க அடித்தார், பாடினார், கெஞ்சினார். பிறகு பம்பையை நிறுத்திவிட்டு, "பெத்தவங்க ஒரு வார்த்த கூப்டுங்கம்மா" என்றார்.

கலையரசி மணலைப் பார்த்தபடி நின்றாள். பள்ளிக்கூட வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள். "ஜெயா, வாடா, வூட்டுக்குப் போலாம்."

யாருக்கும் உடம்பு சிலிர்க்கவில்லை. ஒரு பூக்கூட அசையவில்லை. தூரத்தில் செய்யாறு கம்பெனி பஸ் ஒன்று பாலத்தின்மேல் போனது. சில பேர் பொறுமையாத்தான் வருவாங்க என்று சம்பந்தம் சமாளித்தார். வெறும் தண்ணீராகவே கலசத்தைத் தூக்கிக்கொண்டு கலையரசியின் வீட்டுக்கு வந்தார்கள்.

கலையரசி சாமி மாடத்தைத் துடைத்தாள். அகலில் எண்ணெய் ஊற்றி மகளுக்கு ஏற்றினாள். இரண்டாவது தீக்குச்சியில்தான் பற்றிக்கொண்டது. பிறகு பெட்டியிலிருந்து அந்த மெழுகுவத்தியை எடுத்து அகலுக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்தாள். இது யாருக்கு என்று அன்புச்செல்வி கேட்டாள். ரிவ்காம்மாவைக் கூப்பிட ஆளே இல்லை என்றாள் கலையரசி. அப்புறம் போய்த் தெருக்கதவை அகலத் திறந்தாள். எதிர்வீட்டுப் பெண் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள், பார்க்கட்டும்.

படையல் முடிந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். மழைக்காற்று கிளம்பித் தீபம் இரண்டும் படபடத்தன. கலையரசி மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் தீபங்களுக்கு அணைவாக வைத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா கை சுட்டுக்கொள்கிறாளே என்று அருள்ராஜ் கதவைச் சாத்த எழுந்தான்.

"சாத்தாதடா, இருக்கட்டும்" என்றாள் கலையரசி, திரும்பிப் பார்க்காமலே. "அந்தம்மாவுக்கு முட்டி வலி. நம்ம ஜெயாதான் கையப் புடிச்சி இட்டுகினு வரணும். நேரமாவும்."