கப்பலில் வரவிருந்த லினக்ஸ்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த அறிவிப்பு முதலில் வந்தபோது, என் மனைவி அதை மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். மறுநாளும் வந்தது, மறுநாளும் மூடினாள். அடுத்த முறை நான்தான் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, எழுத்துக் கூட்டி வாசித்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் படகு இன்ஜின் வேலை செய்வதால் உதிரிபாக டப்பாக்களில் வரும் இங்கிலீஷ் ஓரளவு பிடிபடும். இந்த விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது, புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் கம்ப்யூட்டர் புதியதைத் தாங்காது என்று அது சுற்றி வளைத்துச் சொல்லியிருந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கேட்பவர்களுக்கு இது சின்ன விஷயம். இந்தத் தீவில், பத்துபஸ்தி என்கிற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறைதான் அவளுடைய தொழில் நடக்கும் இடம். கல்யாண அழைப்பிதழ், இறந்தவர்களுக்கான முப்பதாம் நாள் திருப்பலி அட்டை, பங்குக் கோயிலின் ஞாயிறு அறிவிப்பு, ஆபீஸ்களுக்குப் போகும் விண்ணப்பம் எல்லாம் அவள் அடித்துக் கொடுப்பாள். கல்யாணத்துக்கு முன்பு தூத்துக்குடியில் தமிழ் டைப்ரைட்டிங் படித்தவள். விசைகளைக் குனிந்து பார்க்கவே மாட்டாள். பக்கத்து ஏர்போர்ட்டில் விமானம் இறங்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும், பேச்சு நிற்கும், அவள் விரல் மட்டும் நிற்காது. வேறொரு சிஸ்டத்துக்குப் போய், அதில் அந்த டைப்ரைட்டர் முறை இல்லாமல் போனால் அவள் என்ன செய்வாள்? இத்தனை வருஷம் பழகிய விரல்களை மறுபடி அரிச்சுவடியிலிருந்தா ஆரம்பிக்கச் சொல்வது? என்னை அரித்தது அதுதான்.

அப்படியே விட்டுவிடவும் மனம் வரவில்லை. அக்கம்பக்கத்தார் ஆதார் நகல், தீவுவாசிகளுக்குத் தரும் ஐலண்டர் கார்டு நகல் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. அவளை நம்பிக் கொடுத்தவை. எவனாவது உள்ளே புகுந்து எடுத்துவிட்டால் யார் முகத்தில் முழிப்பது?

பஜாரில் கம்ப்யூட்டர் கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல், “நயா லே லோ, பாயி” என்றார். புதிது வாங்கு என்பது எல்லாக் கடைக்காரர்களுக்கும் தெரிந்த ஒரே வைத்தியம். படகுகள் கட்டும் ஜெட்டியில் என்னோடு வேலை செய்கிற தெலுங்குக்காரரோ, தன் வீட்டில் அதைவிடப் பழையது ஓடுவதாகவும், ஒன்றும் ஆகவில்லை என்றும், நான் வீணாகப் பதறுவதாகவும் சொன்னார். ஒன்றும் ஆகவில்லை என்பதை நம்பி, குளிர்விக்கும் தண்ணீர் போகாத இன்ஜினைக் கடலுக்குள் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியில் மெட்ராஸில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற என் மச்சினனுக்குப் போன் போட்டேன். அவன் யோசிக்கவே இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடுங்கள் அத்தான், பழைய பெட்டியில் பிரமாதமாக ஓடும், இலவசம் என்றான். இலவசம் என்றதும் எனக்கு இன்னும் பயம் கூடிற்று.

தீவில் இருப்பவன் எதையும் வாங்குமுன் கேட்கிற முதல் கேள்வி, ஸ்பேர் கிடைக்குமா என்பது. ஒருமுறை ஒரு புது கம்பெனி இன்ஜின் இங்கே வந்தது. பளபளப்பு என்றால் அப்படி ஒரு பளபளப்பு. சின்ன ரப்பர் வாஷர் ஒன்று போனதும், மெயின்லேண்டிலிருந்து வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே அந்தப் படகு மழைக்காலம் முழுக்கக் கரையில் கிடந்தது. அதை மச்சினனிடம் சொன்னேன். கெட்டுப்போனால் இங்கே யார் பார்ப்பது என்று கேட்டேன். லினக்ஸ் ஒரு கம்பெனிக்குச் சொந்தமானது அல்ல, உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து செய்கிறார்கள், எது கெட்டாலும் எங்காவது ஒருவர் சரிசெய்து எல்லாருக்கும் பொதுவில் வைத்துவிடுவார் என்று அவன் விளக்கினான். யாருக்கும் சொந்தமில்லாத பொருளை நம்புவதா, ஒருவனுக்கு மட்டுமே சொந்தமான பொருளை நம்புவதா என்று அன்றைக்கு முழுவதும் யோசித்தேன். ஒருவனுக்குச் சொந்தமானது எங்களை எங்கே கொண்டுவந்து விட்டது என்பதுதான் கண்முன்னே நின்றதே. சரி, போட்டுப் பார்ப்போம் என்றேன்.

ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்து அனுப்பு என்று சொன்னேன். எங்களுக்கு இது வழக்கம். மெட்ராஸிலிருந்து கப்பலேறும் தெரிந்தவர் யாரென்று விசாரித்து, மருந்தோ துணியோ முறுக்கோ அவர் கையில் கொடுத்துவிடச் சொல்வோம். எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த குடும்பம் ஒன்று கப்பலில் வரவிருந்தது. மச்சினனும் துறைமுகத்துக்கே போய்க் கொடுத்துவிட்டான். காற்று மழை என்று கப்பல் தள்ளிப்போனது. பிறகு இன்னும் தள்ளிப்போனது. நான் வேலைக்குப் போகும் வழியில் ஹேடோ துறைமுகத்தில் கப்பல் விவரம் கேட்பதும், வீட்டுக்கு வந்து நெட் ஒயரைப் பிடுங்கி வைப்பதுமாக இருந்தேன். அவள் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, மெயில் அனுப்ப வேண்டிய நேரத்தில் மட்டும் ஒயரை மறுபடி செருகிக்கொள்வாள்.

வந்து சேர்ந்ததா என்று கேட்க மச்சினன் போன் செய்தான். கப்பல் இன்னும் வரவில்லை என்றேன்.

“அத்தான், அது நெட்லயே இறக்குற சாமான். நீங்க அனுப்பச் சொன்னதும் நானும் ரொம்பப் புத்திசாலியாட்டம் அனுப்பிவிட்டேன் பாருங்க.”

“இங்க நெட்ல அதெல்லாம் வராது மாப்ள.”

“கடலுக்கு அடியில கேபிள் போட்டு வருஷக்கணக்காச்சு. நீங்க வீட்ல சினிமா பாக்கிய. பெறவும் கப்பலைப் பாத்துக்கிட்டு இருக்கிய.”

அவன் சொன்னது உண்மை. முன்பெல்லாம் ஒரு போட்டோ போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விடும். லீவுக்கு மெயின்லேண்ட் போனவர்கள் ஹார்ட் டிஸ்க் நிறையப் படங்களோடு திரும்புவார்கள், தெருவே வாங்கிப் பார்க்கும். நெட் மாறிவிட்டது. நாங்கள் மாறவில்லை. அவள் ஒயரைச் செருகி, அரிசியை அடுப்பில் வைத்துவிட்டு வந்தாள். சோறு வேகும் முன்பே லினக்ஸ் வந்துவிட்டது. வீட்டில் கிடந்த ஒரு பென் டிரைவில் அதை எப்படி ஏற்றுவது என்று மச்சினன் போனிலேயே சொல்லிக் கொடுத்தான். மெட்ராஸ் பென் டிரைவ் அடுத்த வாரம் முறுக்கோடு வந்தது. முறுக்கை வைத்துக்கொண்டோம்.

பழையதைத் தொடாமலே பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். நாங்களும் அவுட்போர்டு இன்ஜினைப் பழுது பார்த்ததும் படகில் மாட்டுவதில்லை. டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதில் இறக்கி ஓட்டிப் பார்ப்போம். அப்படித்தான் அன்று மாலை அவளை உட்கார வைத்தேன். திரை அழகாக வந்தது. தமிழையும் தேர்ந்தெடுத்தாயிற்று. ஞாயிறு அறிவிப்பின் முதல் வரியை அவள் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அடித்தாள். நான் திரையைப் பார்த்தேன். எந்த மொழியும் இல்லாத ஏதோ ஒன்று அங்கே வரிசையாக நின்றது.

அவளும் பார்த்தாள். இன்னொரு முறை, இந்தத் தடவை விசைகளைக் குனிந்து பார்த்து, மெதுவாக அடித்தாள். அதேதான். இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்படி ஒரு முகம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரு நிமிஷத்தில் எதுவுமே படிக்காதவளாக ஆகிவிட்ட முகம்.

“இது என் கைக்குச் சேராது” என்றாள்.

மச்சினனைப் பிடித்தேன். இப்போது இருப்பது வேறு முறை, செட்டிங்கில் போய்ப் பாருங்கள், தமிழுக்கு மட்டும் ஐந்தாறு வகை வைத்திருப்பான் என்றான். தேடினோம். அந்தப் பட்டியலில் டைப்ரைட்டரும் இருந்தது. அவளைப்போல டைப்ரைட்டிங் படித்த யாரோ ஒருவர், எங்கேயோ உட்கார்ந்து, இதையும் விட்டுவிடக் கூடாது என்று சேர்த்திருக்க வேண்டும். அவர் முகம் எனக்குத் தெரியாது. அவருக்கு எங்களையும் தெரியாது. அதைத் தேர்ந்தெடுத்ததும் அவள் மறுபடி அடித்தாள். ‘அன்பார்ந்த இறைமக்களே’ என்று பிசகாமல் வந்தது. அடுத்த வரியில் ஒரு வடமொழி எழுத்து மட்டும் இடம் மாறியிருந்தது. அதை இரண்டு முறை தேடிக் கண்டுபிடித்தாள்.

இப்போதும் நான்தான் தயங்கினேன். பழையதும் கிடக்கட்டும், இரண்டையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் பார்ப்போமே என்றேன்.

“ரெண்டு வீட்ல குடித்தனம் நடத்த என்னால முடியாது. அந்த ஒரு எழுத்தை நான் பழகிக்கிடுவேன். போடுங்க” என்றாள்.

ஃபைல்களையெல்லாம் வெளியே நகல் எடுத்தோம். நகலுக்கும் ஒரு நகல் எடுத்தேன், அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு போட்டோம். கரண்ட் போய்விடக் கூடாதே என்று முடியும்வரை நான் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய அழைப்பிதழ்களைத் திறந்தபோது எழுத்துகள் கலைந்து தெரிந்தன. அந்தப் பழைய எழுத்துருவையும் கொண்டுவந்து போட்டதும் சரியாயின.

மறுநாள் காலை பக்கத்துத் தெரு வங்காளப் பெண், “தீதி, ஜல்தி” என்று அவசரப்படுத்திக்கொண்டே ஒரு விண்ணப்பத்தோடு வந்து உட்கார்ந்தாள். சிஸ்டம் மாறியது அவளுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அந்த வேலை முடிந்து, என் மனைவி ஞாயிறு அறிவிப்பைத் திறந்து மீதியை அடிக்க ஆரம்பித்தாள். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு எழுத்தும் வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் தப்பு விழுந்தது. அழித்துவிட்டு அடித்தாள். மறுபடி விழுந்தது.

“பின்னால நிக்காதிய. சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு, நீங்க நிக்கிறதாலதான் தப்பு வருது” என்றாள்.

நான் ஜெட்டிக்குக் கிளம்பினேன்.