பெரியப்பாவுக்கு ஒரு கோடு

ஈப்போவில் ஓய்வு பெற்றவர்களுக்குப் பொழுது போக இரண்டு வழி உண்டு. காலையில் திடலைச் சுற்றி நடக்கலாம், இல்லாவிட்டால் கோப்பிக் கடையில் உட்கார்ந்து அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை அலசலாம். ஆயுசில் பாதியை ஆஸ்பத்திரி வார்டில் தாதியாக நின்றே கழித்தவளுக்கு நடை கசந்தது. கல்யாணப் பேச்சு அதைவிடக் கசந்தது. அதனால் குடும்ப வரலாறு தேடுகிறவர்களின் சங்கத்தில் போய்ச் சேர்ந்தேன். பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடுவார்கள்.

அங்கே வருகிறவர்களில் பாதிக்கு மேல் யாழ்ப்பாண வழிவந்தவர்கள். தாத்தா ரயில்வேயில் இருந்திருப்பார், அவருடைய தாத்தாவின் காணி எல்லை வரை இவர்களுக்குத் தெரியும். குடும்ப மரத்தை விரித்தால் மேசை போதாது. நானோ சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். எனக்கு அப்பா, அவருக்கு மேலே தாத்தா, அதற்கு மேலே கடல். பொறாமையாகத்தான் இருந்தது.

சங்கத்தின் செயலாளரும் யாழ்ப்பாண வழிதான், முன்னாள் தலைமையாசிரியை. கண்டிப்பானவர், ஆனால் நல்லவர். "முதல்ல உயிரோட இருக்கிற ஆக்களைக் கேளுங்கோ. ஒரே கேள்வியை ரெண்டு பேரிட்டத் தனித்தனியாக் கேளுங்கோ," என்பார். வருடக் கடைசியில் மண்டபத்தில் கண்காட்சி நடக்கும் என்றும், ஆளுக்கொரு மரம் மாட்ட வேண்டும் என்றும் சொன்னார். தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். "பெரியப்பா பேரப் பெருசாப் போடுக்கா. நான் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வாரேன்," என்றான். சுங்காயில் மோட்டார்ப் பட்டறை வைத்திருப்பவன், கடையை ஒரு நாள் மூடுவதென்றால் சின்ன விஷயமில்லை.

பெரியப்பா பேரைத்தான் நான் முதலில் எழுதினேன். அப்பா காய்ச்சலில் போனபோது நான் பள்ளிக்கூடம் சேராத சிறுமி, தம்பி தொட்டிலில் கிடந்தான். அதன் பிறகு எங்களுக்கு எல்லாமே தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீட்டிலிருந்த பெரியப்பாதான். மரத்தில் பால் வெட்டிவிட்டு வருகிற அவருடைய சட்டையில் புளித்த ரப்பர்ப் பால் வாடை அடிக்கும். அதோடே என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதிப்பார். மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்துச் சுற்றிப் பந்து செய்து கொடுப்பார், ஒரு தட்டுத் தட்டினால் கூரையைத் தாண்டும். தோட்டத்துத் திடலில் படம் காட்டினால் நான் அவர் தோளில் இருந்துதான் பார்ப்பேன். இப்போது அங்கே லயமும் இல்லை, திடலும் இல்லை, எல்லாம் செம்பனை மரங்கள். அந்தப் புளித்த வாடை மட்டும் எங்காவது கிடைக்காதா என்று இன்றைக்கும் ஏங்குகிறேன்.

செயலாளர் சொன்னபடி, சிம்பாங் பூலாயில் இருக்கும் அத்தையிடம் போனேன். அப்பாவின் தங்கை. அந்தத் தலைமுறையில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான்.

"தாத்தாவுக்கு மொத்தம் எத்தன பிள்ளைங்க அத்த?"

"ஒங்கப்பாவும் நானுந்தான்லா."

"அப்ப பெரியப்பா?"

அத்தை சிரித்துவிட்டார். "அவரு அடுத்த வீட்டுக்காரர்டி. வேற ஊரு, வேற ஆளுங்க. ஒங்கப்பா அவர அண்ணேன்னு கூப்டாரு, நீங்க பெரியப்பான்னு கூப்டீங்க. தோட்டத்துல யாரத்தான் நாம முறை சொல்லிக் கூப்டல?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லயத்தில் தண்ணீர்க் குழாயடியில் நிற்கும் அத்தனை பேரும் எனக்கு மாமா, சித்தி, அக்காதான். ஆனால் பெரியப்பாவையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. குடும்பப் பெயர் என்று ஒன்று நம்மிடம் இருந்திருந்தாலாவது முன்பே சந்தேகம் வந்திருக்கும். இந்த வயதில் அப்பாவை இரண்டாவது முறை பறிகொடுத்த மாதிரி இருந்தது. காரை ஓட்டிக்கொண்டு வரும்போது அழுதேன், வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த கூட்டத்தில் யாருடைய கதையோ போல் செயலாளரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"பிறப்பு, கலியாணம். இந்த ரெண்டுக்கும்தான் கோடு போடலாம். மற்றவையைக் கீழ குறிப்பில எழுதலாம், குடும்ப நண்பர் எண்டு," என்றார்.

குடும்ப நண்பராம். அரசாங்க விருந்துக்கு வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவருக்குச் சொல்லலாம் அந்தப் பேரை. கோபமாக வந்தது, ஆனால் அவரைக் குற்றம் சொல்ல வழியில்லை. வீட்டுக்கு வந்து பெரியப்பாவின் கோட்டை அழித்தேன். தாள் கிழிந்துவிடும் போலிருந்தது.

இனித் தம்பிக்குச் சொல்ல வேண்டும். மண்டபத்தில் பிள்ளைகளோடு வந்து நின்று பெரியப்பா பேரைத் தேடட்டும் என்று விட முடியாது. நேரே சுங்காய்க்குப் போனேன். பட்டறையில் ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிளுக்கு அடியில் கையை விட்டுக்கொண்டிருந்தான். அத்தை சொன்னதை அப்படியே சொன்னேன்.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "எனக்குத் தெரியும்கா."

"எப்படித் தெரியும்?"

"அவருக்கு நான் கொள்ளி வச்சேன்ல, அன்னைக்கு அம்மா சொல்லிச்சு. அப்பா செத்தப்ப நான் கைப்பிள்ள. என்னைய இடுப்புல வச்சுக்கிட்டு, என் கையப் பிடிச்சுக் கொள்ளி வச்சது அவருதான். நாவிதரு, நீங்க செத்தவருக்கு என்ன முறைன்னு கேட்டாராம். அண்ணன்னு சொல்லிட்டுத் தலையக் குனிஞ்சு உக்காந்துட்டாராம். பங்காளிதானக்கா மொட்ட போடுவான்?"

அங்கே கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அவரு நமக்கு யாருமில்லன்னா, அப்பாவுக்குக் கொள்ளி வச்சது யாருக்கா?" என்றான் அவன், மெதுவாகத்தான்.

அந்த மொட்டை எனக்கு நினைவிருக்கிறது. அன்று என்னை யாரோ வேறு லயத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் திரும்பி வந்தபோது பெரியப்பா குழாயடியில் உட்கார்ந்திருந்தார். "மொட்ட சாமிக்கா பெரியப்பா?" என்று கேட்டேன். "ஒங்கப்பாவுக்குமா," என்றார். தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். குனிந்து காட்டினார். சொரசொரவென்று இருக்கவும் நான் கைகொட்டிச் சிரித்தேன். அவர் குனிந்தபடியே இருந்தார், நான் தடவி முடிக்கிறவரை.

வீட்டுக்கு வந்து கோட்டை மறுபடி போட்டேன், இந்த முறை மையால். மண்டபத்தில் மாட்டுவதற்கு முன் செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "விதிக்கு ஒத்துவராது எண்டு எனக்குத் தெரியும். கழட்டணும்னா முழுத் தாளையும் கழட்டிடுங்க," என்றேன். படபடப்பில் அவருடைய பேச்சே என் வாயில் பாதி வந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தாளின் மேல் நுனியை அவரே பிடித்துக்கொண்டார், நான் ஆணியில் மாட்டினேன்.

தம்பி மத்தியானம் வந்தான். பெண்டாட்டி, பிள்ளைகள், மருமகள் எல்லோரும் வெள்ளிக்கிழமைக் கோவிலுக்குப் போகிற உடுப்பில் வந்திருந்தார்கள். பெரிய பெரிய மரங்களை எல்லாம் தாண்டி எங்கள் சின்னத் தாளுக்கு முன்னால் போய் நின்றான். தாத்தாவிலிருந்து மூன்று கோடுகள் இறங்கியிருந்தன. முதல் கோட்டில் விரலை வைத்தான்.

"அப்பாவுக்கு முன்னாலயே போட்டிருக்கக்கா."

"அண்ணன்தானடா," என்றேன்.

பெரியப்பா செத்த அன்றைக்குக்கூட அவன் அழவில்லை. கொள்ளி வைக்கிறவன் அழக் கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்று மண்டபத்தில், அத்தனை பேருக்கு முன்னால், என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.