வெள்ளிக்கிழமை மூழ்கிய கிரான்பெரி

லண்டன் வால்தம்ஸ்டோவில், கவுன்சில் வாடகைக்கு விடும் தோட்டம் ஒன்றில் நிற்கிறேன். எனக்கு அறை கொடுத்திருக்கும் யாழ்ப்பாணத்து யோகன் அண்ணன் இங்கே பழைய குளியல் தொட்டியில் கிரான்பெரி என்ற புளிப்புப் பழச்செடி வளர்க்கிறார். போன வருஷம் பழம் முழுவதையும் புழு தின்றுவிட்டது. இந்த வருஷம் ஊறுகாய் போட்டே தீருவது என்று, செடிகள் மூழ்கும்வரை தண்ணீர் விடுகிறார்.

"அமெரிக்காவிலை வயலுக்கே தண்ணி கட்டித்தான் பூச்சியளைச் சாக்காட்டுறவை."

பச்சைப் புழுக்கள் மிதந்து வருகின்றன. உடனே கரண்டியால் ஒவ்வொன்றாக அள்ளிக் கிண்ணத்தில் விடுகிறார். நான் மதுரைக்காரன், சும்மா இருக்க முடியவில்லை.

"என்னண்ணே, காப்பாத்துறீங்க?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ. நான் விரதம். கொல்லக் கூடாது."

"நாளைக்குத் தண்ணி விட்டிருக்கலாமே?"

"நாளைக்கு எனக்கு ஷிப்ட்."

கிண்ணத்தை வேலிக்கு அந்தப் பக்கம் பக்குவமாகக் கவிழ்க்கிறார். எட்டிப் பார்க்கிறேன். அங்கேயும் ஒரு கிரான்பெரித் தொட்டி.

"இது ஆரு தோட்டம்ணே?"

"என்ரை மச்சான்ரை. அவன் இண்டைக்கு வரமாட்டான்."

பிளாஸ்கைத் திறந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறார். பாதி குடிப்பதற்குள், வேலிக்கு மேலே கிண்ணத்தோடு ஒரு கை நீள்கிறது. புழுக்கள் பக்குவமாக இந்தப் பக்கம் விழுகின்றன.

"குறை நினையாதேங்கோ அத்தான். நானும் விரதம்."