அப்பாவின் காரில் டேப் மாட்டிய கதை

எங்கள் அப்பா எங்கே வேண்டுமானாலும் தூங்குவார். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் தூங்குவார். மட்டாஞ்சேரி பஜாரில் குருமிளகு மூட்டை ஏற்றுகிற லாரி வழியை அடைத்து நின்றால், ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே தூங்குவார். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்து எழுப்பிவிடுவார்கள். மற்ற மாதங்களில் இது வீட்டில் ஒரு சிரிப்பு. விருச்சிக மாசம் பிறந்து சபரிமலை சீசன் தொடங்கிவிட்டால் யாரும் சிரிக்கமாட்டோம்.

அப்பாவிடம் ஒரு அம்பாசிடர் டாக்சி இருந்தது. நான் சொல்வது எழுபதுகளின் கடைசி. அப்போதே அது அரதப்பழசு. சாதாரண நாட்களில் வெலிங்டன் தீவுக்கும் எர்ணாகுளத்துக்கும் ஓடும். சீசன் வந்தால் சாமிமார்களை ஏற்றிக்கொண்டு பம்பைக்குப் போகும். திரும்பி வந்து இறக்கிவிட்டு, அப்பா குளித்து ஒரு சாயா குடிப்பதற்குள் அடுத்த கூட்டம் இருமுடியோடு வாசலில் நிற்கும். அந்த இரண்டு மாத ஓட்டத்தில்தான் வருஷம் முழுக்க எங்கள் அடுப்பு எரிந்தது. முடியாது என்று சொல்லும் தைரியம் அப்பாவுக்கு இல்லை.

அந்த வருஷம் ஏற்றுமானூர் தாண்டி வண்டி ஒரு வயலில் இறங்கி நின்றது. யாருக்கும் அடி இல்லை. பசு ஒன்று குறுக்கே வந்துவிட்டது என்றார் அப்பா. அம்மா சக்கரத்தில் அப்பியிருந்த சேற்றைக் கழுவ வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஆனால் அந்த வண்டியில் போன சாமி ஒருவரின் மனைவி குழாயடியில் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டாள். பசுவும் இல்லை, கன்றும் இல்லை. டிரைவர் கண் அசந்துவிட்டார். அன்றிலிருந்து அப்பா ஓட்டம் போன இரவுகளில் அம்மாவும் தூங்கவில்லை. சாமிமார்கள் சரணம் விளிப்பதெல்லாம் கோட்டயம் வரைதான். அதற்கப்புறம் வண்டிக்குள் குறட்டைதான் கேட்கும். அப்பாவுக்குப் பேச்சுத்துணை யார் இருக்கிறார்கள்?

அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தம்பி, என் மாமா, கல்ஃபிலிருந்து லீவில் வந்தார். அங்கே பெரிய ஹோட்டலில் எலக்ட்ரீஷியன் என்று சொல்லிக்கொள்வார். பல்பு மாற்றுகிற வேலை என்று அப்பா சொல்வார், மாமா பக்கத்தில் இல்லாதபோது. மாமாவின் பெட்டியில் சென்ட், டார்ச் எல்லாம் போக, கைப்பிடி வைத்த ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அம்மா சென்டைத் தொடக்கூட இல்லை.

"தம்பி, சீசன் முடியறது வரைக்கும் இந்தப் பாட்டுப்பெட்டியை அத்தான் வண்டியிலே வச்சுக் குடுடா. காதிலே சத்தம் விழுந்துட்டே இருந்தா கண்ணு மூடாது பாரு" என்றாள்.

மாமாவுக்கு அக்காவின் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை. ஆனால் அந்தப் பெட்டி பேட்டரிக்கட்டையை அவல் தின்பதுபோல் தின்னும். பம்பை போய்த் திரும்புவதற்குள் பாட்டு இழுக்க ஆரம்பித்துவிடும். அதனால் கார் பேட்டரியிலிருந்தே கரண்ட் எடுத்துவிடலாம் என்று மாமா முடிவு செய்தார்.

அது கிறிஸ்துமஸ் லீவு. அன்று காலை ஓட்டத்திலிருந்து வந்த அப்பா, முன்னறையில் பாயை விரித்த கையோடு விழுந்தார். சாயங்காலம் மறுபடி கிளம்ப வேண்டும். சந்தில் நின்ற வண்டியின் டேஷ்போர்டுக்குக் கீழே மாமா தலையை நுழைத்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. நான் ஸ்குரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டியில் பன்னிரண்டு வோல்ட், பெட்டிக்கு வேண்டியது ஒன்பது. அதற்காக மாமா காகிதத்தில் கணக்குப் போட்டு, ரேடியோ கடையில் ஒரு ரெசிஸ்டர் வாங்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார். பாவம், கஷ்டமான கணக்கை எல்லாம் சரியாகத்தான் போட்டார்.

"ஒத்த வயர் போதும்டீ. மைனஸுக்கு வயரே வேண்டாம். வண்டியோட பாடியே மைனஸ்தான். நான் கண்ட வண்டி எல்லாம் அப்படித்தான்" என்றார் என்னிடம். பிறகு என்ன தோன்றியதோ, தலையை வெளியே இழுத்து, "ஆனாலும் இது பழைய வண்டி. அத்தானை ஒரு வார்த்தை கேட்டுட்டு வரட்டா, அக்கா?" என்றார்.

"வேண்டாம்டா, எழுப்பாதே. இப்பத்தான் கண்ணு மூடியிருக்கு" என்றாள் அம்மா.

மாமா ஒரு கேசட்டைப் போட்டு, வயரைச் சொருகி, பட்டனை அழுத்தினார். கர்ரென்று ஒரே ஒரு சத்தம். பிறகு பாட்டு வரும் ஓட்டைகள் வழியாக நூலாகப் புகை வந்தது. ஐயோ என்று மாமா வயரைப் பிடுங்கினார். ரப்பர் கருகிய நாற்றம் வீட்டுக்குள் போய் அப்பாவை எழுப்பிவிட்டது. லுங்கியை இறுக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். கோபப்படக்கூட அவரிடம் தெம்பு இல்லை.

"இந்த வண்டியிலே பாடி பிளஸ்ஸாக்கும். பழைய மாடல் எல்லாம் அப்படித்தான். பின்னே, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொண்டார்.

மாமா அக்காவைப் பார்த்தார். அம்மா யாரையும் பார்க்கவில்லை. பெட்டியை மாமா ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். உள்ளே பாதி போய்விட்டது, சாமான் வருவதற்குள் சீசனே முடிந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மத்தியானம் முழுக்க அம்மா அடுக்களையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு திடீரென்று என்னைக் கூப்பிட்டுத் தலை வாரி, இறுக்கமாக ரெட்டைச்சடை போட்டாள். என் வயசுப் பெண்குழந்தைகள் அந்த மலைக்குப் போகலாம். நான் அவர்களுக்கு ஒற்றைப் பிள்ளை.

"அப்பா கூடப் போயிட்டு வா. முன்சீட்டிலே அப்பாவை ஒட்டி இருக்கணும், கேட்டியா? தெரிஞ்ச பாட்டெல்லாம் பாடு. வாயை மூடக்கூடாது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கருகிப்போன பெட்டிக்குப் பதிலாக என்னை மாட்டுகிறாள் என்று பெருமையாக இருந்தது.

"வெறுதே குட்டியை எதுக்கு அனுப்பறே?" என்றார் அப்பா.

"லீவுதானே. அவளுக்கும் ஆசை இருக்காதா?"

அப்பா கொஞ்சநேரம் அம்மாவின் முகத்தையே பார்த்தார். அப்புறம் முன்கதவைத் திறந்துவிட்டார். வந்திருந்த கூட்டத்தின் தலைவரான பெரியசாமி, "மாளிகப்புறமல்லே, கேறட்டே" என்று, பெண்சாமிதானே ஏறட்டும் என்கிறதுபோல் சிரித்து, ஒதுங்கி எனக்கு இடம் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்துப் பாட்டு, பக்கத்து வீட்டுத் தாலாட்டு என்று கைவசம் இருந்ததை எல்லாம் பாடினேன். வைக்கம் வந்தது தெரியும். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. விழித்தபோது பம்பையில் விடிந்திருந்தது. என் தலை அப்பாவின் மடியில் இருந்தது. அவர் கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன. கால் மரத்துப்போய் இறங்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாமிமார்கள் மலை ஏறி இறங்கும்வரை நாங்கள் வண்டியிலேயே இருந்தோம். அவர் அடித்துப்போட்டதுபோல் தூங்கினார்.

வீட்டுக்கு வந்ததும், வழி முழுக்கப் பாடினேன் என்று அம்மாவிடம் அளந்தேன். அம்மா என் கை கால்களைத் தடவிப் பார்த்துவிட்டு, சோறு போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். லீவு முடியும்வரை என்னை அனுப்பினாள். ஒருமுறைகூட நான் வைக்கத்தைத் தாண்டி விழித்திருந்ததில்லை. நான் போன ஓட்டங்களில் ஒருநாளும் பசு குறுக்கே வரவில்லை.

என் பாட்டினால்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். ஆனால் நான் தூங்கிவிடுவேன் என்று அம்மாவுக்கு முன்னாலேயே தெரியும். மடியில் என் தலை இருக்கும்வரை அப்பா கண்ணை மூடமாட்டார் என்றும் நம்பினாள். அந்த நம்பிக்கை பொய்த்திருந்தால் அவளுக்கு மிச்சம் யாரும் இல்லை. அதையும் அவள் நினைக்காமல் இருந்திருக்கமாட்டாள். அந்த முதல் சாயங்காலம் சந்தில் நின்றவளுக்கு நான் ஜன்னல் வழியாக டாட்டா காட்டினேன். வண்டி நகர்ந்த பிறகும் அவள் கை, கதவின் கைப்பிடி இருந்த உயரத்திலேயே அப்படியே நின்றது. திருப்பி ஒரு டாட்டா காட்டவில்லையே என்று வைக்கம் வரைக்கும் எனக்கு அவள்மேல் கோபம்.