நூற்று நாற்பத்தைந்தின் நியாயம்

என் மனைவி மூன்றாம் வகுப்பு டீச்சர். நான் தச்சன். இந்த இரண்டு தொழிலும் ஒரே கூரைக்குள் இருந்தால் சரிப்பட்டு வராது என்று கல்யாணத்துக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். என் தொழிலில் தப்பு என்றால் மரம் வீண், அதற்கு மேல் பேச்சே கிடையாது. அவளுக்கோ தப்பு என்றால் தின்பண்டம் மாதிரி. வகுப்பில் ஒரு பிள்ளை அபத்தமாக ஏதாவது சொல்லிவிட்டால் போதும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே எனக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

"என்னங்க, இன்னிக்கு ஒருத்தன் ஃபேனுக்கு உயிர் இருக்குன்னு சொல்றான்."

"கிறுக்குப் பய."

"ஏன்டான்னு கேட்டேன். சுத்துது, சத்தம் போடுது, கரண்ட் போனா தூங்கிடுதுன்னான். அப்போ மரம்னு கேட்டா, அது சும்மாதானே நிக்குது, அதுக்கு உயிர் இல்லைங்கறான். எவ்வளவு யோசிச்சிருக்கான் பாருங்க!"

எனக்கு அதில் யோசனை எதுவும் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இதே கதைதான். விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் மற்ற டீச்சர்கள் அரை மணியில் வேலையை முடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்களாம். இவள் ஒரே ஒரு தப்பு விடையை மடியில் வைத்துக்கொண்டு, பேனாவைக் கடித்தபடி, 'இது எப்படி வந்திருக்கும்?' என்று கூரையைப் பார்ப்பாள். சாப்பாடு ஆறிப்போகும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சிவப்பு மையில் ஒரு கோடு கிழித்தால் தீர்கிற விஷயம்!

அவளுடைய தலைமையாசிரியர் இந்த விஷயத்தில் என் கட்சி. பக்கத்து வகுப்பு டீச்சர் மூன்று பாடம் தாண்டிப் போய்விட்டார். இவள் மூன்று வாரமாக 'நீளம் அளத்தல்' என்ற ஒரே பாடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் தலைமையாசிரியர் இவளைக் கூப்பிட்டு, இப்படியே போனால் அடுத்த வருஷம் வகுப்பு கிடையாது, ஆபீஸில் உட்கார்ந்து பேப்பர் அடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அவள் எந்தக் கதையும் சொல்லவில்லை. சமையலறையில் ஒரே தட்டை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என் வகுப்பை எடுத்துட்டா நான் என்னங்க பண்ணுவேன்?" என்றாள். வாழ்நாளில் அவள் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை.

தலைமையாசிரியர் ஒரு வாய்ப்பும் கொடுத்திருந்தார். அவள் வகுப்பின் பின்சுவரில் இரண்டு தூண்கள் துருத்திக்கொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவில் ஒரு புத்தக அலமாரி செய்துதர ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருந்தார்கள். "பிள்ளைங்களுக்கு அளக்கத் தெரியும்னு சொல்றீங்கல்ல? அவங்களே அளக்கட்டும். அந்த அளவை வெச்சு உங்க வீட்டுக்காரர் செய்யட்டும். பெற்றோர் கூட்டத்தன்னிக்கு அலமாரி அங்க கச்சிதமா உட்காரணும்" என்பது அவர் போட்ட நிபந்தனை. நான் அந்த அறைப் பக்கமே தலைகாட்டக் கூடாது.

மறுநாள் சாயங்காலம் அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஒரு கும்பல் நூற்று இருபத்தைந்து சென்டிமீட்டர் என்கிறது. இன்னொன்று நூற்றுப் பதினைந்தரை. ஒரு பையன் நூற்று நாற்பத்தைந்து!

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அவன் எந்த ஊர்த் தூணை அளந்தான்?"

அவள் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"பிள்ளைங்க எண்ணுறது ஒன்னுலேருந்துதானே? அதனால ஸ்கேலையும் ஒன்னுலேருந்து வைக்கிறாங்க. முப்பதுன்னு முடியும், ஆனா உள்ள இருக்கிறது இருபத்தொன்பதுதான். அவங்களுக்கு நீளம்னா இடைவெளி இல்லை, கடைசியில நிக்கிற நம்பர். நாலு தடவை முழுசா வெச்சு, அஞ்சாவது தடவை அஞ்சுல முடிச்சிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் ஒன்னு கூடிப்போச்சு. அஞ்சைக் கழிங்க."

"நூத்தி இருபது."

"நூத்திப் பதினஞ்சரைக்காரங்க ஸ்கேல் முடியற இடத்துல விரலை வெச்சு, விரலுக்கு அந்தப் பக்கத்துலேருந்து மறுபடி வெச்சாங்க. மூணு விரல் அகலம் கணக்குல வரலை. ஒரு விரல் ஒன்றரை."

"நாலரை. நூத்தி இருபது," என்றேன். எனக்கே குரல் இறங்கிவிட்டது.

"நூத்தி நாப்பத்தஞ்சு சொன்னவனோட ஸ்கேல்ல முதல் அஞ்சு சென்டிமீட்டர் உடைஞ்சு போச்சு. அவன் அஞ்சு தடவை வெச்சான்."

ஐயைந்து இருபத்தைந்து. கழித்தால் நூற்று இருபது. தூணில் தன் ஸ்கேலை வைக்காமலேயே, வெறும் தப்புகளை வைத்தே சரியான அளவைப் பிடித்துவிட்டாள். பாராட்ட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் என் வாய்க்கு அந்தப் பழக்கம் கிடையாது. "சரி சரி, பார்க்கலாம்" என்று எழுந்துவிட்டேன்.

பெற்றோர் கூட்டத்தன்று அறை நிறைய ஜனம். பாதிப் பேர் என் வாடிக்கைக்காரர்கள். கட்டில், கதவு, ஜன்னல் என்று ஏதாவது ஒன்றை என் கையால் வாங்கியவர்கள். நாலு பேர் சேர்ந்து அலமாரியைத் தூக்கித் தூண்களுக்கு நடுவில் நகர்த்தினோம். உட்கார்ந்தது. ஒரு பக்கம் என் உள்ளங்கை அகலத்துக்கு இடைவெளி.

தலைமையாசிரியர் அந்த இடைவெளிக்குள் கையை விட்டுப் பார்த்தார். "இதுதான் நடக்கும்னு எனக்குத் தெரியும்," என்றார். "மேஸ்திரி, என்ன அளவுக்குச் செஞ்சீங்க?"

வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். முப்பது வருஷத்தில் நான் அளவு தப்பிச் செய்த பொருள் என்று ஒன்று கிடையாது. "எனக்குக் கொடுத்த அளவுக்குத்தான் செஞ்சேன்," என்றேன். அது உண்மை என்றுதான் நினைத்தேன். என் மனைவி முகத்தில் ஈயாடவில்லை. பிள்ளைகளைப் பார்த்தாள்.

அப்போது ஒரு சிறுமி ஸ்கேலை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். வகுப்பிலேயே சின்னவள், எல்லாரும் சுண்டெலி என்று கூப்பிடுவார்கள். பூஜ்ஜியத்தைத் தூணோடு ஒட்டவைத்து, ஒவ்வொரு முறையும் சாக்பீஸால் மெல்லிய கோடு போட்டு அளந்தாள். நூற்று இருபது. பிறகு அலமாரியை அளந்தாள். நூற்றுப் பத்து. ஸ்கேல் நுனியை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"டீச்சர், சரியா பத்து கம்மி. கை ஆடி வந்திருந்தா இப்படி முழுசா வராது," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க பத்துலேருந்து ஆரம்பிச்சீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் டேப்பின் முனையில் இருக்கும் கொக்கி ஆடும். அதை நம்ப முடியாது என்பதால் பத்தாவது கோட்டில் பிடித்துத்தான் அளப்பேன். நூற்று இருபது வேண்டுமென்றால் நூற்று முப்பதில் குறிக்க வேண்டும். மரம் குறித்த அன்று பெயின்ட் கடைக்காரர் பக்கத்தில் நின்றார். அவருக்கு அந்த நூற்று நாற்பத்தைந்துக் கதையைச் சொல்லி இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தோம். நூற்று இருபதிலேயே குறித்துவிட்டேன்.

ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கலாம். எட்டு வயசுப் பிள்ளை சொல்வதை யார் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்? ஆனால் என் மனைவி இன்னும் பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமாம்மா," என்றேன். "பத்துலேருந்துதான் ஆரம்பிச்சேன். கூட்ட மறந்துட்டேன். பிள்ளைங்க அளவு சரி சார். தப்பு என்னோடது."

மானம் கப்பலேறியது. கட்டில் வாங்கியவர் தன் மனைவி காதில் ஏதோ சொன்னார். இன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கட்டிலை அளப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

தலைமையாசிரியர் சிறுமியைப் பார்த்தார், சாக்பீஸ் கோடுகளைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "மேஸ்திரி, அலமாரியை மாத்திக் கொடுத்துடுங்க. டீச்சர், அடுத்த வருஷமும் மூணாம் வகுப்பு உங்களுக்குத்தான். இந்த அளக்கிற பாடத்தைப் பக்கத்து வகுப்புக்கும் எடுத்துடுங்க."

"மூணு வாரம் ஆகும் சார்," என்றாள் இவள், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். எப்போது கிண்டல் ஆரம்பிக்கும் என்று காத்திருந்தேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இந்நேரம் தெருவே கேட்கும்படி சிரித்திருப்பேன். அவள் பாட்டுக்கு நடந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏன் சிரிக்க மாட்டேங்கற?"

"சிரிச்சா அடுத்த தப்பை என்கிட்ட சொல்ல மாட்டீங்க."

இருபத்திரண்டு வருஷம் இவளோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். பிள்ளைகள் இவளிடம் எதையும் ஒளிக்காமல் சொல்வதற்கு இதுதான் காரணம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. வெட்கமாக இருந்தது.

"நம்ம சமையலறையில ஷெல்ஃபுப் பலகை ஒரு பக்கம் எட்டலையே," என்றேன். "சுவர் கோணல்னு சொன்னேனே..."

அவள் நின்றாள்.

"சுவர் நேராத்தான் இருக்கு," என்றேன்.

அப்போதுதான் அவள் சிரித்தாள். நடுத்தெருவில் நின்று, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.